மூன்று வாயசைவு

சாலிகிராமத்தில் ஒரு மாடிப்படிக்குக் கீழே
முட்டை அட்டை ஒட்டிய அறை.
ஆறு வருடமாய் அங்கேதான்
சாம்பலனை வளர்த்தேன்.

ஊரை எரிப்பவன். விளக்குகளைத் தின்பவன்.
பன்னிரண்டு வயதுப் பையன், ஆகவே
குரலுக்கு ஒரு பொம்பளை போதும் என்றார்கள்.
அவன் சிரிப்பை
சூளைமேட்டில் வட்டிக்கு விட்ட தணிகாசலத்திடமிருந்து எடுத்தேன்.
வாசலில் செருப்போடு நின்று
அவர் சிரிப்பது அப்படித்தான்:
முதலில் மூக்கு, பிறகுதான் வாய்.
உறுமலை மட்டும் எங்கிருந்தும் எடுக்கவில்லை.
அது இருந்தது.

ஒவ்வொரு பகுதி முடிந்ததும்
பனங்கற்கண்டு, மிளகு, இரண்டு நாள் மௌனம்.
சைகையில் தக்காளி வாங்குவேன்.
அரை கிலோ கேட்டால் ஒரு கிலோ நிறுப்பார் கடைக்காரர்.

நேற்று எழுபத்தோராம் பகுதி.
கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து ஜெபராஜ்
"மேடம், இன்னைக்கு உங்க ஆள் திருந்துறான்" என்றான்,
ஜாமீன் கிடைத்த செய்தி போல.

திரையில் சாம்பலன்
கடைசி விளக்கின் முன் கையை ஓங்குகிறான்.
பின்னால் ஒரு சிறுமி.
அவளுக்குப் பேசும் பெண் பரீட்சை முடிந்து
அடுத்த வாரம்தான் வருவாள்,
அதுவரை ஓசையில்லாமல் அலறுகிறாள்.
கை இறங்குகிறது.
வரைந்தவர்கள் புருவத்தில் ஒரே ஒரு கோட்டை மாற்றியிருக்கிறார்கள்.
நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன்.
ஒரே கோடு.

பிறகு வாய் மூன்று முறை திறந்து மூடுகிறது.
தாளில் எழுதியிருந்தது: மன்னித்துவிடு.
மன். னித். து. வி. டு.
ஐந்து.
அவன் வாயை மூடிய பிறகும்
'விடு' மட்டும் வெளியே தொங்கியது.

வேகமாகச் சொன்னால் பஸ்ஸில் காலை மிதித்தவன்.
'மன்னி' என்று நிறுத்தினால்
அண்ணன் பெண்டாட்டியைக் கூப்பிடுகிறான்.
"சாரின்னு வெச்சுக்கலாமா?" என்றான் ஜெபராஜ்.
விளக்கைத் தின்றவன் சாரி சொல்வானா.
பதினோரு முறை.
ஏசியை அணைத்துவிட்டு எடுப்பதால்
சுடிதார் முதுகில் ஒட்டியது.
ஆற்காடு சாலையில் மெட்ரோவுக்குத் தோண்டும் அதிர்வு
இரண்டு முறை மைக்கில் ஏறியது.

பன்னிரண்டாவதில், களைப்பில்,
என் வாய் தானாகச் சொன்னது:
போகட்டும்.
போ. கட். டும்.
உதடு பொருந்தியது.

"அர்த்தம் மாறுதே மேடம்."
மாறியது. மன்னிப்புக் கேட்க வந்தவன்
மன்னித்துவிட்டு நிற்கிறான்.
யாரை என்று கதையில் இல்லை.
நாங்கள் இருவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.
அப்புறம் அவன் பச்சை விளக்கைப் போட்டான்.

இனி சாம்பலனுக்கு வெள்ளை உடை, நீள வசனம்.
நல்லவனுக்கு ஏற்ற மாதிரி
மென்மையாக ஒரு குரல் கேட்டார் தயாரிப்பாளர்.
தர மறுத்தேன்.
திருந்தினாலும் தொண்டை அதேதான் சார்.
அந்தக் கரகரப்போடுதான் அவன்
குழந்தையிடம் அஞ்சாதே என்று சொல்லவேண்டும்.
ஒரு பகுதிக்கு ஆயிரத்து நானூறு.
எரித்தபோதும் அதே, அணைத்தபோதும் அதே.

மேல்வீட்டு ரிஷ்வந்திடம் சொன்னேன்.
முகம் சுருங்கிவிட்டது.
"அப்ப இனிமே நான் யாரா விளையாடுறது?"

இரவு பத்தேகாலுக்குத் தண்ணி லாரி வந்தது.
மே மாதம். வரிசையில்
எனக்கு அடுத்து மல்லேஸ்வரியின் நீலக் குடம்.
இரண்டு வருடமாய்ப் பேச்சில்லை.
மோட்டார் ரிப்பேர் செலவில் நூற்றெண்பது ரூபாய்,
யார் தரவேண்டும் என்பது எனக்கே மறந்துவிட்டது.
எங்கள் முறை வருமுன் லாரிக்காரர் குழாயைச் சுருட்டினார்.

"நில்லுடா!"

ஊரை எரித்த தொண்டை.
லாரி நின்றது. தெருநாய் எழுந்து உட்கார்ந்தது.
பால்கனியில் ரிஷ்வந்த் கைதட்டினான்.

குழாய் என் கைக்கு வந்தது.
என் குடம் காலியாக இருந்தது.
நீலக் குடத்துக்குள் விட்டேன்.
என் வாய் மூன்று முறை திறந்து மூடியது,
சத்தம் வரவில்லை.
மல்லேஸ்வரிக்கு உதடு படிக்கத் தெரியுமோ என்னவோ,
"வழியுது, பாத்து" என்றாள்.